கம்ப்ரஸர் போச்சு என்கிறார்களா? கேஜ் போட்டார்களா என்று கேளுங்கள்

கேள்வி: மன்னார்குடி பக்கத்தில் கிராமம். 8 வருடம் ஓடிய சின்ன கார். ஓட்டும்போது ஏசி ஓரளவு குளிர்கிறது, ரயில்வே கேட்டில் நின்றால் அனல் காற்றுதான் வருகிறது. ஒர்க்‌ஷாப்பில் பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "கம்ப்ரஸர் போச்சு, புதுசு போட 26,000 ஆகும்" என்கிறார்கள். மாற்றிவிடலாமா?

பதில்: இப்போதைக்குப் பணத்தை எடுக்காதீர்கள். கம்ப்ரஸரின் நிலையைப் பானெட்டைத் திறந்து கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. இன்ஜினையும் ஏசியையும் ஓடவிட்டு, நீலம் (குறைந்த அழுத்தம்), சிவப்பு (அதிக அழுத்தம்) என்று இரண்டு முள் உள்ள அழுத்தக் கேஜ் மாட்டிப் பார்க்க வேண்டும். ஆர்-134ஏ என்ற குளிர்விக்கும் கேஸ் உள்ள வண்டியில் நல்ல வெயில் நேரத்தில் நீல முள் 30-45 பிஎஸ்ஐ, சிவப்பு 200-250 பிஎஸ்ஐ என்ற அளவில் நிற்கும். கம்ப்ரஸர் தேய்ந்திருந்தால் அதனால் கேஸை அழுத்த முடியாது. நீலம் ஏறி, சிவப்பு இறங்கி, இரண்டும் ஒன்றையொன்று நெருங்கி நிற்கும்.

நீங்கள் சொல்லும் அறிகுறிக்கு இன்னொரு காரணமும் உண்டு, செலவும் கம்மி. கேஸின் சூட்டை வெளியே தள்ளுவது ரேடியேட்டருக்கு முன்னால் இருக்கும் கண்டென்சர். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே அதைக் குளிர்வித்துவிடும். நின்றுவிட்டால் ஃபேன்தான் கதி. ஃபேன் சுற்றாவிட்டாலோ கண்டென்சர் அடைத்திருந்தாலோ சிவப்பு முள் கண்டபடி ஏறும். பிரஷர் சுவிட்ச் கம்ப்ரஸரை நிறுத்திவிடும். குளிர்ச்சி அதோடு சரி.

நம் ஊரில் இந்த அடைப்பு சகஜம். அறுவடை நேரத்தில் ரோட்டிலேயே நெல்லைக் காயப்போடுகிறோம், வைக்கோலைப் பரப்புகிறோம், அதன் மேலேயே வண்டியும் ஓட்டுகிறோம். கிரில் வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். தகடுகளுக்கு இடையே பதரும் வைக்கோல் தூசும் சேறோடு சேர்ந்து அப்பியிருக்கும். கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இன்னும் மோசமாக இருக்கலாம். முன்பக்கம் மட்டும் கழுவினால் அது போகாது. முடிந்தால் இன்ஜின் பக்கத்திலிருந்து வெளியே தள்ளுகிற மாதிரி மெதுவாகத் தண்ணீர் விட வேண்டும். வாட்டர் சர்வீஸ்காரர் வேகமாக அடித்தால் தகடுகள் மடங்கி, அடைப்பு நிரந்தரமாகிவிடும்.

அடுத்தது எலி. வயலோரம் நிறுத்தும் வண்டியில் ஃபேன் ஒயரையோ கம்ப்ரஸர் கிளட்ச் ஒயரையோ எலி கடித்திருப்பது புதிதல்ல. ஃபியூஸ், ரிலே, ஒயர் மூன்றையும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள்.

சுலபமான சோதனை ஒன்று: வண்டியை நிறுத்தி ஏசியை ஓடவிட்டு, கண்டென்சர் மேல் ஹோஸ் பைப்பால் லேசாகத் தண்ணீர் தெளிக்கச் சொல்லுங்கள். சில நிமிடங்களில் குளிர்ச்சி திரும்பினால் கோளாறு பெரும்பாலும் காற்றோட்டத்தில்தான், கம்ப்ரஸரில் இல்லை. திரும்பாவிட்டால் கேஜ் மாட்டும் வேறு மெக்கானிக்கிடம் போங்கள். அவரும் கம்ப்ரஸர்தான் என்றால் மாற்றுங்கள்.

கேள்வி: நாகப்பட்டினம். ஒவ்வொரு சித்திரைக்கும் கார் ஏசிக்கு கேஸ் ஏற்றுகிறேன். கேஸ் தீர்ந்துபோவது இயல்புதானே?

பதில்: டீசல் மாதிரி எரிந்து தீர்கிற பொருள் இல்லை அது. மூடிய குழாய்க்குள் சுற்றி வருவது. ரப்பர் ஹோஸ், சீல் வழியாகப் பல வருடங்களில் கொஞ்சம் கசியலாம். வருடா வருடம் காலியானால் ஓட்டை இருக்கிறது. கடலோர உப்புக் காற்றில் கண்டென்சரின் அலுமினியம் அரித்திருக்க வாய்ப்பு அதிகம். நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை தடவி லீக்கைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். குளிர்ச்சிக்காக டேஷ்போர்டுக்குள் இருக்கும் கூலிங் காயிலில் ஓட்டை என்றால் டேஷ்போர்டைக் கழற்றும் கூலியும் சேரும், முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

லீக் அடைத்த பிறகு அரை மணி நேரமாவது வேக்கம் போட்டு (குழாய்க்குள் இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்து), முள் ஏறாமல் நிற்கிறதா என்று பார்த்து, எடை போட்டு கேஸ் ஏற்ற வேண்டும். எத்தனை கிராம் என்று பெரும்பாலும் பானெட் அடியில் ஸ்டிக்கரிலேயே இருக்கும். "ஃபுல் பண்ணியாச்சு சார்" என்பது கணக்கில் சேராது. கேஸ் அதிகமானாலும் குளிராது.

கேள்வி: திருவாரூரில் ரீகண்டிஷன் கம்ப்ரஸர் மாட்டினேன். 4 மாதத்தில் ஜாம் ஆகிவிட்டது. "எலக்ட்ரிகல் அயிட்டத்துக்கு கேரன்டி கிடையாது" என்கிறார் கடைக்காரர். கையில் இருப்பது துண்டுச் சீட்டு மட்டும்.

பதில்: பழைய கம்ப்ரஸர் உள்ளுக்குள் உடைந்து நின்றிருந்தால் அதன் உலோகத் தூள் லைன் முழுக்கப் பரவியிருக்கும். லைனை ஃப்ளஷ் செய்து கழுவாமல், ஈரத்தை உறிஞ்சும் ட்ரையரை மாற்றாமல், சரியான ஆயிலைச் சரியான அளவில் ஊற்றாமல் மாட்டினால் புத்தம் புது கம்ப்ரஸரே தாங்காது. ஆகவே உங்கள் கேள்வி இப்படி இருக்கட்டும்: ட்ரையர் மாற்றினீர்களா, ஃப்ளஷ் செய்தீர்களா, எந்த ஆயில்? பதிலை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். கம்ப்ரஸர் மெக்கானிக்கல் சாமான். அதில் எலக்ட்ரிகல் என்பது கிளட்ச் காயில் மாதிரி ஒன்றிரண்டு பாகம்தான்.

மசியாவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதன்பிறகு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. காலக்கெடு 2 வருடம். துண்டுச் சீட்டோடு யுபிஐ பணப் பதிவையும் வாட்ஸ்அப் பேச்சையும் சேர்த்து வையுங்கள். முக்கியமாக, ஜாம் ஆன கம்ப்ரஸரை வேறு யாரிடமும் கொடுத்துப் பிரிக்கவிடாதீர்கள். பிரித்துவிட்டால், அந்த மெக்கானிக்தான் கெடுத்தார் என்று கடைக்காரர் சொல்ல இடம் கிடைத்துவிடும்.