அப்பா பெயரில் காற்றாலை வாங்கினால் ஆலைக்கு மின்சாரம் கிடைக்குமா?

கேள்வி: பல்லடம் அருகே எங்கள் பிரைவேட் லிமிடெட் நிறுவனம் சிறிய நூற்பாலை நடத்துகிறது, எச்.டி. (உயர் அழுத்த) மின் இணைப்பும் நிறுவனத்தின் பெயரில்தான் உள்ளது. ஆரல்வாய்மொழியில் 225 கிலோவாட் பழைய காற்றாலை ஒன்று விலைக்கு வருகிறது. ஆண்டுக்கு 6 லட்சம் யூனிட் கிடைக்கும், வரிச் சலுகைக்காக அப்பாவின் பெயரில் வாங்குங்கள் என்கிறார் தரகர். வாங்கலாமா?

பதில்: இந்த விதத்தில் வாங்காதீர்கள்.

முதலில் அந்த 6 லட்சத்தைப் பார்ப்போம். 225 கிலோவாட் இயந்திரம் ஆண்டு முழுவதும் ஒரு நொடியும் நிற்காமல் முழுத் திறனில் ஓடினால் கிடைப்பது 19.71 லட்சம் யூனிட். தரகர் சொல்வது அதில் 30 விழுக்காடு. உயரம் குறைந்த பழைய இயந்திரம் 20 விழுக்காட்டை, அதாவது ஏறத்தாழ 4 லட்சத்தை எட்டினாலே நல்ல இடத்தில் நிற்கிறது என்று பொருள். அதிலும் பெரும்பகுதி மே முதல் செப்டம்பர் வரையிலான தென்மேற்குப் பருவத்தில் வந்துவிடும். காற்றின் வேகம் பாதியானால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காகிவிடுமென்பதால், மற்ற மாதங்களில் இறக்கை சுற்றுவதைக் கண்டு மயங்க வேண்டாம். சீசனின் உச்சத்திலோ, மின்தொகுப்பு தாங்காது என்று கூறி இயந்திரத்தை நிறுத்தச் சொல்வார்கள். காற்று எந்த மாதம் வருமென்பது ஊருக்கே தெரிந்திருந்தும், அதற்கேற்ற மின்பாதையை உரிய காலத்தில் அமைக்க நம் அமைப்புக்கு மனம் வருவதில்லை.

பெரிய கண்ணி அப்பாவின் பெயரில்தான் இருக்கிறது. 2005ஆம் ஆண்டு மின்சார விதிகளின்படி, சொந்தப் பயன்பாட்டு மின்சாரம் என்று சொல்ல வேண்டுமானால், பயன்படுத்துபவருக்குக் குறைந்தது 26 விழுக்காடு உரிமையும், ஆண்டு உற்பத்தியில் குறைந்தது 51 விழுக்காட்டு நுகர்வும் இருக்க வேண்டும். உங்கள் நிறுவனம் சட்டத்தின் பார்வையில் அப்பாவிடமிருந்து வேறான ஒரு நபர். காற்றாலை அப்பாவுடையது, நுகர்வு நிறுவனத்துடையது என்றால் அது மூன்றாம் நபருக்கான விற்பனை. ஒரே வீட்டில் ஒரே அடுப்பில் சமைத்தாலும், மின்வாரியத்தை விட்டு வெளியாரிடம் மின்சாரம் வாங்குவோர் கட்ட வேண்டிய குறுக்கு மானியக் கூடுதல் கட்டணம் வந்து சேரும். ஆலை நிறுவனமாக இல்லாமல் அப்பா ஒருவரின் தனி உரிமையாக இருந்து, மின் இணைப்பும் அவர் பெயரிலேயே இருந்திருந்தால் இந்தச் சிக்கலே எழாது. உங்கள் நிலை அதுவன்று. இதற்கு மாற்றாக, காற்றாலை வைத்திருக்கும் வேறொரு நிறுவனத்தில் பெயரளவுக்குச் சில பங்குகளை வாங்கி 26 விழுக்காட்டைக் காட்டிவிடலாம் என்று அடுத்த தரகர் வருவார். சரிபார்ப்பில் அது விழுந்தால் கூடுதல் கட்டணம் உங்கள் ஆலைக்குத்தான் வரும், அவருக்கு அல்ல.

வரிச் சலுகையைப் பொறுத்தவரை, இயந்திர மதிப்பில் 80 விழுக்காட்டை ஓராண்டுத் தேய்மானமாக வருமானத்தில் கழித்துக்கொள்ளும் காலம் 2017 மார்ச்சோடு முடிந்தது. இப்போது உச்சவரம்பு 40. அப்பாவுக்கு வரி கட்டுமளவு வருமானம் இல்லையென்றால் அதனாலும் பயனில்லை.

நிறுவனத்தின் பெயரிலேயே வாங்குவதானால், முன்பணம் கொடுக்குமுன் கடந்த மூன்று ஆண்டுகளின் மாதவாரி உற்பத்திக் கணக்கை மின்வாரிய ஆவணமாகவே கேளுங்கள். தரகர் தட்டச்சு செய்து தரும் அட்டவணையை ஏற்காதீர்கள். 20 ஆண்டு கடந்த காற்றாலைகளுக்கென 2024இல் தமிழக அரசு வெளியிட்ட கொள்கைப்படி அந்த இயந்திரத்துக்கு என்ன செலவாகும் என்பதையும், கியர்பாக்ஸ் பழுதானால் உதிரிபாகமும் கிரேனும் எங்கிருந்து வரும் என்பதையும் விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.