மனைவிக்கு ‘நானோ மஞ்சள்’ கொடுக்கலாமா?

ஈரோடு மாவட்டத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி: “என் மனைவிக்கு வயது 44. மார்பகப் புற்றுநோய். அறுவை சிகிச்சை, கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து எட்டு மாதமாகத் தினமும் டாமோக்ஸிஃபென் 20 மி.கி. சாப்பிடுகிறார். என் மைத்துனர் ‘நானோ குர்குமின்’ என்று மஞ்சளிலிருந்து எடுத்த சத்து அடங்கிய ஒரு புட்டியைக் கொண்டுவந்தார். ஒரு மாதத்துக்கு 6,800 ரூபாய். நானோ துகள் புற்றுநோய் செல்லைத் தேடிப் பிடித்து அழிக்கும், பத்திரிகையிலேயே வந்திருக்கிறது என்கிறார். மூன்று வாரமாகக் கொடுத்து வருகிறோம். இதைச் சாப்பிட்டால் டாமோக்ஸிஃபெனை நிறுத்திவிடலாமாம். பெங்களூரில் நானோ ஆராய்ச்சியில் இடம் வாங்கித் தர 75,000 ரூபாய் முன்பணம் கேட்கும் ஒருவரையும் அறிமுகப்படுத்தினார். நாங்களே மஞ்சள் போடும் குடும்பம்தான். என்ன செய்வது?”

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். புட்டியை இன்றோடு நிறுத்துங்கள். டாமோக்ஸிஃபெனை ஒரு நாள்கூட நிறுத்தாதீர்கள். 75,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கீழே வருவதெல்லாம் இந்த மூன்றுக்குமான காரணங்கள்.

டாமோக்ஸிஃபென் பகட்டான மருந்து அல்ல. 1962இல் இங்கிலாந்தில் கருத்தடை மாத்திரை ஆகும் என்று நினைத்துத் தயாரித்தார்கள். அந்த வேலைக்கு அது உதவவில்லை. மார்பகப் புற்றுநோய்க்கு உதவியது. ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைத் தின்று வளரும் வகைப் புற்றுநோயில், அந்த ஹார்மோன் போய் உட்காரும் இடத்தில் இது உட்கார்ந்துகொள்ளும். ஐந்து ஆண்டுகள் ஒழுங்காகச் சாப்பிட்டவர்களில், அடுத்த 15 ஆண்டுகளில் இந்த நோயால் இறப்பவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆயிரக்கணக்கான பெண்களைப் பல்லாண்டு பின்தொடர்ந்து கண்ட கணக்கு இது. விலை குறைவு. அதனாலேயே இதற்கு மரியாதை இல்லை. மாதம் 6,800 ரூபாய்க்கு வருவதுதான் வீரியமானது என்று நம் மனம் நினைக்கிறது.

இனி நானோவுக்கு வருகிறேன். உங்கள் மைத்துனர் படித்த செய்தி பொய்யாக இருக்காது. ஒரு மீட்டரை நூறு கோடியாகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நானோமீட்டர். அந்த அளவில் மருந்தைப் பொதிந்து அனுப்பும் கலை உண்மையாகவே வளர்ந்திருக்கிறது. டாக்ஸோரூபிஸின் என்ற கீமோ மருந்தைக் கொழுப்புக் குமிழிக்குள் வைத்து, இதயத்துக்கு அது செய்யும் தீங்கைக் குறைத்த ஊசிக்கு அமெரிக்காவில் 1995இலேயே அனுமதி கிடைத்துவிட்டது. 2023ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பெற்ற எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி ஆராய்ச்சியும் நானோ அளவுக் கொழுப்புத் துகள் இல்லாமல் கைக்கு வந்திருக்காது. அந்த ஆண்டின் வேதியியல் நோபலும் நானோ படிகங்களுக்குத்தான்.

ஆனால் செய்தியில் ஒரு வரி விடுபட்டிருக்கும். அழிந்தது யாருடைய கட்டி? பெரும்பாலும் எலியுடையது. சில நேரம் எலிகூடக் கிடையாது, கண்ணாடித் தட்டில் வளர்த்த செல்கள். கண்ணாடித் தட்டில் புற்றுநோய் செல்லைக் கொல்வது ஒரு சாதனையே அல்ல. உப்பைக் கூடுதலாகக் கொட்டினாலும் அது சாகும். இதை எழுதும் நிருபரைக் குறை சொல்ல மாட்டேன். ‘புற்றுநோயை ஒழிக்கும் கண்டுபிடிப்பு’ என்று பல்கலைக்கழகமே தலைப்புப் போட்டு அறிக்கை அனுப்புகிறது. அடுத்த நிதி ஒதுக்கீடு வர வேண்டுமே! எலி என்ற சொல்லை நான்காவது பத்தியில் தேட வேண்டியிருக்கும்.

‘தேடிப் பிடிக்கும்’ என்கிறார்களே, அதையும் பாருங்கள். டொராண்டோ பல்கலைக்கழகத்தினர் பத்தாண்டுகளில் வந்த ஆய்வுகளைத் திரட்டி 2016இல் ஒரு கணக்குப் போட்டார்கள். ரத்தத்தில் நேரடியாகச் செலுத்திய நானோ துகள்களில் கட்டிக்குள் போய்ச் சேர்ந்தது, இடைநிலை மதிப்பாக, 0.7 சதவீதம். அதாவது நூறு துகள் புறப்பட்டால் ஒன்றுகூட முழுதாகப் போய்ச் சேரவில்லை. பெரும்பகுதியைக் கல்லீரலும் மண்ணீரலும் பிடித்துவைத்துக்கொள்கின்றன. அதுவும் ஊசியில் போட்டால்தான் இந்தக் கணக்கு. நீங்கள் கொடுப்பது வாயால் விழுங்குவது. வயிற்று அமிலத்தையும் பித்தநீரையும் தாண்டிக் குடலில் உறிஞ்சப்படும்போது அந்தத் துகள் துகளாகவே இருக்காது. மேலும், உங்கள் மனைவிக்குக் கட்டியை எடுத்தாகிவிட்டது. அது எதைத் தேடிப் போகும்?

வாயால் விழுங்கும் நானோ மருந்தே கிடையாதா என்று யாராவது கேட்பார்கள், கேட்கட்டும். ஒன்று இருக்கிறது, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஏனென்றால் உங்கள் மனைவி அதை ஏற்கெனவே சாப்பிட்டிருக்கக்கூடும். கீமோ ஏற்றும் நாளில் வாந்தி வராமல் இருக்க, முதல் நாள் 125 மி.கி., அடுத்த இரண்டு நாள் 80 மி.கி. என்று மூன்று கேப்சூல் கொடுத்திருப்பார்கள். அப்ரெபிடன்ட் என்று பெயர். பழைய மருந்துச் சீட்டில் தேடிப் பாருங்கள். இது தண்ணீரில் கரையாத பொருள். சும்மா விழுங்கினால் பெரும்பகுதி வீணாகும். அதனால் இதை முதலில் கொண்டுவந்த நிறுவனம் நானோ படிகமாக அரைத்து கேப்சூலில் அடைத்தது. 2003இல் அனுமதி பெற்றது. அரைத்ததன் பயன் என்ன? மருந்து நன்றாக உறிஞ்சப்பட்டது, அவ்வளவுதான். வெறும் வயிற்றோ சாப்பாட்டுக்குப் பிறகோ, ஒரே மாதிரி ரத்தத்தில் சேர்ந்தது. அது புற்றுநோய் செல்லைத் தேடவில்லை, வாந்தியைத் தடுத்தது. அதன் அட்டையில் ‘நானோ’ என்று கொட்டை எழுத்தில் நீங்கள் பார்த்திருக்கவும் மாட்டீர்கள். உண்மையான நானோ மருந்து தன் பெயரைத் தம்பட்டம் அடித்துக்கொள்வதில்லை. வாயால் விழுங்கும் நானோ என்றால் எனக்கு உடனே சொல்லத் தோன்றும் விதிவிலக்கு இதுதான். இதை எடுத்துக்காட்டி யாராவது குர்குமின் புட்டியை விற்க வந்தால், வாந்திக்கா விற்கிறீர்கள் என்று கேளுங்கள்.

இனி மஞ்சள். மஞ்சள் போடும் குடும்பத்திடம் மஞ்சளைப் பற்றிப் பேசப் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் கேளுங்கள். மஞ்சள் தூளின் எடையில் குர்குமின் சுமார் 3 சதவீதம். ஒரு தேக்கரண்டித் தூள், மூன்று கிராம் என்று வையுங்கள், அதில் 90 மில்லிகிராம். அது போட்ட குழம்பை நான்கு பேர் சாப்பிட்டால் உங்கள் மனைவியின் தட்டில் விழுவது இருபது சொச்சம் மில்லிகிராம். இத்தகைய கேப்சூல்கள் பெரும்பாலும் ஒன்று 500 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு. ஆக நாற்பது மடங்குக்கு மேல். ‘மஞ்சள்தானே, சமையலில் போடுவதுதானே’ என்ற வாதம் இங்கே செல்லாது. குழம்பிலும் ரசத்திலும் மஞ்சளும் மிளகும் வழக்கம்போல் போடுங்கள். அதை யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

குர்குமின் புற்றுநோயைக் குணப்படுத்துமா? 2017இல் அமெரிக்க மருந்து வேதியியலாளர்கள் சிலர் அதுவரை நடந்த 120க்கும் மேற்பட்ட மனித ஆய்வுகளை எடுத்துப் பார்த்தார்கள். நோயாளிக்கும் தெரியாமல், மருத்துவருக்கும் தெரியாமல், வெற்று மாத்திரையோடு ஒப்பிட்டு நடத்திய ஆய்வு ஒன்றுகூட வெற்றி பெறவில்லை என்று எழுதினார்கள். எந்தப் பொருளோடு சேர்த்தாலும் பலன் தருவது போல் பரிசோதனைச் சாலையில் ஏமாற்றுகிற குணம் அதற்கு உண்டு என்பதும் அவர்கள் காட்டியதுதான்.

பலன் இல்லாவிட்டால் போகிறது, தீங்கு இல்லையே என்றால், உங்கள் விஷயத்தில் தீங்கு உண்டு. இந்தப் புட்டிகள் பலவற்றில் மிளகின் காரப்பொருளான பைப்பரினும் சேர்ந்திருக்கும். அந்நியப் பொருள்களை உடைத்து வெளியேற்றும் வேலையைக் குடலும் கல்லீரலும் செய்கின்றன. பைப்பரின் அந்த வேலையை மந்தமாக்கிவிடும். 1998இல் பெங்களூரு மருத்துவக் கல்லூரி ஒன்றில் நடந்த ஆய்வில், பைப்பரினோடு கொடுத்தபோது குர்குமின் உடலில் சேர்வது 20 மடங்கு கூடியது. விற்பவர்கள் அனைவரும் மேற்கோள் காட்டுவது இதைத்தான். அவர்கள் சொல்லாதது இன்னொன்று. டாமோக்ஸிஃபென் அப்படியே வேலை செய்வதில்லை. கல்லீரல் அதை எண்டாக்ஸிஃபென் என்ற பொருளாக மாற்றிய பிறகுதான் முழு வீரியம். 2019இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் நகரில் டாமோக்ஸிஃபென் சாப்பிடும் நோயாளிகளுக்குக் குர்குமினும் பைப்பரினும் கொடுத்துப் பார்த்தபோது, ரத்தத்தில் எண்டாக்ஸிஃபென் சுமார் 12 சதவீதம் குறைந்தது. சிறிய ஆய்வுதான். பலருக்கு அந்தக் குறைவு பெரிதாகாமல் போகலாம். ஆனால் பிறவியிலேயே மாற்றும் திறன் குறைந்தவர்களை அந்த 12 சதவீதமும் எல்லைக்கோட்டுக்குக் கீழே தள்ளிவிடலாம். உங்கள் மனைவி அவர்களில் ஒருவரா என்று நமக்குத் தெரியாது. தெரியாதபோது 6,800 ரூபாய் கொடுத்து ஏன் வம்பை வாங்க வேண்டும்?

புட்டியைக் கையில் எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண்மணி இப்படி ஒரு புட்டியை மஞ்சள் பையிலிருந்து எடுத்து என் மேசையில் வைத்தார். முன்பக்கம் தங்க நிற எழுத்தில் ‘நானோ’. பின்பக்கம், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும் எழுத்தில், ஆங்கிலத்தில் ‘மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல’ என்ற வாசகம். அதை நான் தமிழில் படித்துச் சொன்னபோது அவர் என்னைத்தான் சந்தேகமாகப் பார்த்தார். உங்கள் புட்டியிலும் அது இருக்கும். பக்கத்திலேயே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க உரிம எண் இருக்கும். அப்படியென்றால் சட்டத்தின் கண்ணில் அது மிட்டாய், ஊறுகாய் போல ஓர் உணவு. டாமோக்ஸிஃபென் அட்டையில் மருத்துவர் சீட்டுக்கான குறியும் மருந்து உற்பத்தி உரிம எண்ணும் இருக்கும். இரண்டையும் அருகருகே வைத்து உங்கள் மைத்துனருக்குக் காட்டுங்கள்.

இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. புற்றுநோயைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை. ஆகவே யாரும் எழுதுவதில்லை. ஆள் வைத்துச் சொல்கிறார்கள். அச்சில் வந்தால் குற்றம், மைத்துனர் வாயால் வந்தால் பாசம். உணவுத் துறையைக் கேட்டால் மருந்துத் துறையைக் கேளுங்கள் என்பார்கள். மருந்துத் துறை, அது உணவாயிற்றே என்னும். இதற்கு நடுவில் புட்டி வீடு வந்து சேர்ந்துவிடுகிறது. உங்கள் மைத்துனரிடம் ஒன்று மட்டும் மெல்லக் கேளுங்கள்: இதில் அவருக்குக் கீழே எத்தனை பேரைச் சேர்த்தால் எவ்வளவு தருகிறார்கள்? பெரும்பாலும் அவரும் முதலில் பணம் கட்டி ஏமாந்தவராகத்தான் இருப்பார். சண்டை போடாதீர்கள்.

பெங்களூர் ஆசாமியிடம் அந்தத் தாட்சண்யம் வேண்டாம். முறையான மருந்து ஆய்வில் சேர்பவரிடம் ஆய்வு மருந்துக்குப் பணம் வாங்குவதில்லை. 2019ஆம் ஆண்டு விதிகளின்படி ஆய்வால் உடல்நலக் கேடு ஏற்பட்டால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் தரும் பொறுப்பும் அவர்களுடையது. ‘இடம் வாங்கித் தரும்’ தரகர் என்ற ஓர் ஆளே அங்கே கிடையாது. சேருவதா வேண்டாமா என்பதைத் தகுதி விதிகள் தீர்மானிக்கும்; சிகிச்சை முடிந்து நோய் தென்படாமல் இருப்பவர் பெரும்பாலான புதிய மருந்து ஆய்வுகளுக்குத் தகுதியே பெற மாட்டார். யார் வந்தாலும், மருந்து ஆய்வுகளைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேட்டின் எண்ணைக் கேளுங்கள். ‘சி.டி.ஆர்.ஐ.’ என்று தொடங்கி ஆண்டு, மாதம், எண் என்று வரும். அந்தப் பதிவேட்டின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். இந்தியாவில் நடக்கும் ஆய்வுகள் 2009 ஜூன் முதல் அதில் கட்டாயம் பதிவாக வேண்டும். ஆனால் எண் இருந்தால் மருந்து நல்லது என்று பொருள் அல்ல. பதிவு வேறு, அனுமதி வேறு. எண்ணைக் காட்டியே ஏமாற்றுபவர்களையும் பார்த்திருக்கிறேன். பதிவேடு முழுவதும் ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, நோயாளி விழிப்போடு இருக்க வேண்டும் என்று கருத்தரங்குகளில் பேசுகிறோம். கல்லூரி போகும் பிள்ளை யாராவது இருந்தால் உட்காரவைத்துப் படிக்கச் சொல்லுங்கள்.

மூன்று வாரம் சாப்பிட்டதற்காகப் பதற வேண்டாம். நிறுத்தினால் போதும்; படிப்படியாகக் குறைக்க வேண்டியதில்லை. கண் மஞ்சளாவது, சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போவது, உடல் அரிப்பு, சாப்பாட்டைக் கண்டாலே குமட்டல் இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் உடனே கல்லீரல் பரிசோதனை செய்துவிடுங்கள். செறிவூட்டிய குர்குமின் கல்லீரலைப் பாதித்த நிகழ்வுகள் பதிவாகியிருக்கின்றன.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், இது புட்டியைவிட முக்கியம். டாமோக்ஸிஃபென் சாப்பிடும் பெண்களுக்கு உடம்பு திடீரெனக் கொதிப்பதும் தூக்கம் கெடுவதும் மனம் சோர்வதும் உண்டு. நம் வீடுகளில் இதைக் கணவனிடம்கூடச் சொல்ல மாட்டார்கள்; மாத்திரையைச் சத்தமில்லாமல் விட்டுவிடுவார்கள். புட்டியை அவர் ஆவலோடு வாங்கிக்கொண்டதற்கும் இதுவே காரணமாக இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். அதற்கு வேறு மருத்துவரிடம் போனால் டாமோக்ஸிஃபென் சாப்பிடுவதைச் சொல்லச் சொல்லுங்கள். பராக்ஸிடின், ஃப்ளூவாக்ஸிடின் என்ற இரண்டு மனச்சோர்வு மாத்திரைகள் எண்டாக்ஸிஃபென் உருவாவதைக் குர்குமினைவிட அதிகமாகத் தடுக்கும். மாற்று மாத்திரைகள் இருக்கின்றன.

அடுத்த பரிசோதனைக்குப் போகும்போது புட்டியையும் கையோடு கொண்டுபோங்கள். புறநோயாளிப் பிரிவில் மருத்துவருக்கு உங்களோடு பேச மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிது. அதனால் உள்ளே போனதும் முதல் வேலையாகப் புட்டியை மேசையில் வையுங்கள், ரிப்போர்ட்டைப் பிறகு நீட்டலாம். திட்டுவார். திட்டட்டும், அதைக் கோப்பில் எழுதச் சொல்லுங்கள்.