மேவன் சென்ட்ரலில் இல்லாத ஜார்: எங்கே வைப்பது, எப்படி இணைப்பது?

கேள்வி: எங்கள் ஸ்பிரிங் பூட் ப்ராஜெக்ட்டில் பணப் பரிவர்த்தனைக்காக ஒரு வெண்டார் கொடுத்த ஜார் ஃபைலைச் (ஜாவா கிளாஸ்களை ஒன்றாகக் கட்டிய தொகுப்பு) சேர்க்க வேண்டும். அது மேவன் சென்ட்ரலில் (மேவன் என்ற பில்ட் கருவி லைப்ரரிகளை எடுக்கும் பொதுக் களஞ்சியம்) இல்லை. முதலில் லிப் ஃபோல்டரில் போட்டு, பாம் ஃபைலில் (மேவனுக்கான அமைப்புகளை எழுதும் ஃபைல்) சிஸ்டம் ஸ்கோப் (ஜார் இருக்கும் பாதையை நேரடியாகக் காட்டும் முறை) கொடுத்தேன். ஐடிஇ-யில் ஓடியது, சர்வரில் ஏற்றியதும் நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர் (தேவையான கிளாஸ் கிடைக்கவில்லை என்ற பிழை). பிறகு இன்ஸ்டால்-ஃபைல் கட்டளையைக் கொடுத்தேன். என் கணினியில் எல்லாம் சரி, ஜென்கின்ஸில் (பில்டைத் தானாக ஓட்டும் சர்வர்) பில்டே ஆகவில்லை. எதுதான் சரியான வழி?

பதில்: இரண்டு பிழைகளும் வேறு வேறாகத் தெரிந்தாலும் காரணம் ஒன்றுதான். ஜார் இருக்கும் இடம் உங்கள் கணினிக்கு மட்டுமே தெரிகிறது. மேவனுக்கு ஃபைல் இருந்தால் போதாது. குரூப்ஐடி, ஆர்டிஃபேக்ட்ஐடி, வெர்ஷன் என்ற மூன்று பகுதி முகவரி வேண்டும், அந்த முகவரிக்குரிய பாம் வேண்டும், பில்ட் ஓடும் ஒவ்வொரு கணினியும் எட்டக்கூடிய ரெப்போசிட்டரியில் (ஜார்களை வைக்கும் களஞ்சியம்) இரண்டும் இருக்க வேண்டும்.

சிஸ்டம் ஸ்கோப் ஏற்கெனவே கைவிடப்பட்ட வசதி என்று மேவன் அறிவித்துவிட்டது. அது ப்ரொவைடட் ஸ்கோப்பைப் போலவே நடந்துகொள்ளும்: கம்பைல் செய்யும்போது ஜாரை எடுத்துக்கொள்ளும், பேக்கேஜ் கட்டும்போது ‘ஓடுகிற இடத்தில் இது இருக்கும்’ என்று நம்பி விட்டுவிடும். உங்கள் சர்வரில் அது இல்லை, அதனால்தான் கிளாஸ் கிடைக்கவில்லை. ஸ்பிரிங் பூட் மேவன் ப்ளகினில் இன்க்ளூட்சிஸ்டம்ஸ்கோப் என்ற அமைப்பை ட்ரூ ஆக்கினால் இந்தப் பிழை போய்விடும். இன்று இரவே ரிலீஸ் என்றால் அதைச் செய்துகொள்ளுங்கள். ஆனால் இந்த மாட்யூலை இன்னொரு ப்ராஜெக்ட் பயன்படுத்தத் தொடங்கிய அன்றே பிரச்சினை திரும்பி வரும். சிஸ்டம்பாத் ப்ராஜெக்ட் ஃபோல்டருக்குள் இருக்கும் ஃபைலைக் காட்டக் கூடாது, சார்ந்திருக்கும் ப்ராஜெக்ட்டுகளால் அதைக் கண்டுபிடிக்க முடியாது என்று ஒவ்வொரு பில்டிலும் மஞ்சள் எழுத்தில் மேவன் எச்சரிப்பது இதைத்தான்.

இன்ஸ்டால்-ஃபைல் ஜாரை உங்கள் ஹோம் ஃபோல்டரில் உள்ள டாட் எம்2 ரெப்போசிட்டரிக்குள் வைக்கிறது. ஜென்கின்ஸ் வேறொரு பயனரின் பெயரில், பெரும்பாலும் வேறொரு கணினியில் ஓடுகிறது. அதன் எம்2 ஃபோல்டர் வேறு. அங்கேயும் போய் ஒருமுறை இன்ஸ்டால் செய்துவிட்டால் வேலை முடிந்தது என்று பலர் அப்படியே விட்டுவிடுகிறார்கள். புது ஏஜென்ட் (ஜென்கின்ஸுக்காகப் பில்ட் ஓட்டும் கணினி) சேர்க்கும் நாளில் அந்த ஜாரை யார், எங்கிருந்து எடுத்துப் போட்டார்கள் என்று யாருக்கும் நினைவிருக்காது.

ரெப்போவில் ஏற்றுவதற்கு முன் ஜாரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஜார் கட்டளைக்கு டிஎஃப் கொடுத்தால் பட்டியல் வரும். மெட்டா-இன்ஃப் ஃபோல்டருக்குள் மேவன் என்ற ஃபோல்டரும் அதற்குள் ஒரு பாம் ஃபைலும் இருந்தால் உங்களுக்குப் பாதி வேலை மிச்சம். வெண்டார் எந்த முகவரியில் பில்ட் செய்தார், எந்தெந்த லைப்ரரிகளை நம்பியிருக்கிறார் என்பதெல்லாம் அதிலேயே இருக்கும். அந்த முகவரியையே வைத்துக்கொள்ளுங்கள். பாம் இல்லாவிட்டால் உங்கள் நிறுவனத்தின் டொமைனில் தொடங்கும் குரூப்ஐடியைக் கொடுங்கள். வெண்டாரின் பெயரில் நீங்களாக ஒரு முகவரியை உருவாக்கி, பின்னாளில் அவரே அதே முகவரியில் சென்ட்ரலில் வெளியிட்டால், ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு ஜார்கள் உலவும்.

அடுத்து ஜேடெப்ஸ் கருவியை ஓட்டுங்கள். ஜேடிகே (ஜாவா உருவாக்கக் கருவித் தொகுப்பு) 8 முதல் கூடவே வருகிறது. இந்த ஜாருக்குத் தேவைப்பட்டும் ஜாருக்குள் இல்லாத பேக்கேஜ்களுக்கு எதிரே ‘நாட் ஃபவுண்ட்’ என்று காட்டும். இந்தப் படியைத் தாண்டிப் போனால் என்ன ஆகும் என்பதைச் சொல்லியாக வேண்டும். பாம் தராமல் ஜாரை மட்டும் ஏற்றினால் மேவன் தானாக ஒரு சிறிய பாமை எழுதிக்கொள்ளும். அதில் முகவரி மட்டும் இருக்கும், டிபென்டன்சி (ஜார் நம்பியிருக்கும் லைப்ரரி) ஒன்றுகூட இருக்காது. பில்ட் பச்சையாக முடியும், டெஸ்ட்டும் தேறக்கூடும். ஜாருக்குள் இருக்கும் ஏதோ ஒரு மெத்தட் காமன்ஸ் கோடெக்கைத் தேடும் நேரத்தில், அதாவது முதல் நிஜமான பரிவர்த்தனையின்போது, மறுபடியும் அதே நோகிளாஸ்டெஃப்ஃபவுண்ட்எரர்.

ஆகவே பாமைக் கையால் எழுதிவிடுங்கள், இருபது வரிகூட வராது. மாடல்வெர்ஷன் 4.0.0, மூன்று பகுதி முகவரி, பேக்கேஜிங் ஜார், பிறகு ஜேடெப்ஸ் காட்டிய லைப்ரரிகள் டிபென்டன்சிகளாக. வெர்ஷன்களை ஊகிக்க வேண்டாம். வெண்டார் தரும் ஜிப்பில் பொதுவாக ஒரு லிப் ஃபோல்டர் இருக்கும், அதிலுள்ள ஃபைல் பெயர்களே வெர்ஷனைச் சொல்லும். பெயரில் வெர்ஷன் இல்லாத ஜார் இருந்தால் அதன் ஷா1 மதிப்பைக் (ஃபைலின் உள்ளடக்கத்திலிருந்து கிடைக்கும் அடையாள எண்) கணக்கிட்டுத் தேடுங்கள். சென்ட்ரலின் தேடல் ஏபிஐ ஷா1 கொண்டும் தேட இடம் தருகிறது. சென்ட்ரலில் இருப்பவற்றை அங்கிருந்தே எடுங்கள், உங்கள் ரெப்போவில் நகல் வேண்டாம்.

டிஎஃப் பட்டியலில் வெண்டாரின் பேக்கேஜ்களோடு அப்பாச்சி காமன்ஸ், ஜாக்சன் போன்றவற்றின் கிளாஸ்களும் கிடந்தால் அது எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிய ஜார். அவற்றை டிபென்டன்சியாக மறுபடி எழுதாதீர்கள். உங்கள் ப்ராஜெக்ட் அதே லைப்ரரியின் வேறு வெர்ஷனை வைத்திருந்தால் நோசச்மெத்தட்எரர் (தேடிய மெத்தட் அந்த வெர்ஷனில் இல்லை என்ற பிழை) வரக்கூடும். அப்போது உள்ளே எதையும் கட்டாத ஜாரை வெண்டாரிடம் கேட்டு வாங்குவதுதான் சுருக்கமான வழி.

இனி இடம். இந்த ஒரே ப்ராஜெக்ட், ஒன்றிரண்டு ஜார் என்றால் ப்ராஜெக்ட்டுக்குள்ளேயே ஒரு ஃபைல் ரெப்போசிட்டரி போதும். பல குழுக்கள் பயன்படுத்தும் ஜார் என்றால் நெக்சஸ், ஆர்டிஃபேக்டரி போன்ற ரெப்போ மேனேஜர் தேவை. உங்கள் கேள்வியைப் பார்த்தால் முதல் வழியே போதும் என்று தோன்றுகிறது.

(கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதியிருக்கிறோம். ஆங்கிலத்தில் தட்டும்போது குரூப்ஐடி, ரெப்போசிட்டரிஐடி ஆகியவற்றில் ஐ மட்டும் பெரிய எழுத்து, பாம்ஃபைலில் எஃப் மட்டும். எழுத்து மாறினால் மேவன் ‘தெரியாது’ என்று சொல்லாது. அந்த மதிப்பைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும்.)

ப்ராஜெக்ட்டின் வேர் ஃபோல்டரில் லோக்கல்-ரெப்போ என்று ஒரு ஃபோல்டர் உருவாக்குங்கள். டார்கெட் ஃபோல்டருக்குள் வேண்டாம், கிளீன் கொடுத்தால் போய்விடும். பிறகு எம்விஎன் டிப்ளாய் முக்காற்புள்ளி டிப்ளாய்-ஃபைல் கட்டளைக்கு நான்கு மதிப்புகளைக் கொடுங்கள்: ஃபைல் என்பதில் வெண்டாரின் ஜார், பாம்ஃபைல் என்பதில் நீங்கள் எழுதிய பாம், ரெப்போசிட்டரிஐடி என்பதில் ப்ராஜெக்ட்-லிப் போன்ற ஒரு பெயர், யுஆர்எல் என்பதில் ஃபைல் என்று தொடங்கும் அந்த ஃபோல்டரின் முழுப் பாதை. முகவரியை மேவன் பாமிலிருந்தே எடுத்துக்கொள்ளும். குரூப்ஐடியின் புள்ளிகள் ஃபோல்டர்களாகப் பிரிந்து, அதற்குள் ஆர்டிஃபேக்ட் பெயர், வெர்ஷன், கடைசியில் ஜார், பாம், அவற்றின் எம்டி5, ஷா1 ஃபைல்கள் என்று அடுக்கு உருவாகியிருக்கும். கையால் காப்பி செய்து இந்த அடுக்கை உருவாக்குவதும் முடியாத காரியம் அல்ல. ஒரு எழுத்து தவறினாலும் தேடி மாள வேண்டும்.

விண்டோஸில் பவர்ஷெல் பயன்படுத்துபவர்கள் ஒவ்வொரு மதிப்பையும் இரட்டை மேற்கோளுக்குள் போட வேண்டும். இல்லாவிட்டால் பவர்ஷெல் புள்ளி வரும் இடத்தில் சொல்லை உடைத்துவிடும். வெர்ஷன் 2.4.1 என்று கொடுத்தால் 2 ஒரு பக்கம், .4.1 ஒரு பக்கம் போய், ‘.4.1 என்ற லைஃப்சைக்கிள் ஃபேஸ் தெரியாது’ என்று மேவன் விசித்திரமாகப் புலம்பும்.

அடுத்து உங்கள் ப்ராஜெக்ட்டின் பாமில் ரெப்போசிட்டரீஸ் பகுதியில் அதே ஐடியோடு ஒரு ரெப்போசிட்டரி. அதன் யுஆர்எல்: ஃபைல், ஒரு முக்காற்புள்ளி, இரண்டு சாய்கோடு, ப்ராஜெக்ட் டாட் பேஸ்டிர் என்ற மாறி, சாய்கோடு, லோக்கல்-ரெப்போ. பிறகு டிபென்டன்சியைச் சாதாரணமாக எழுதுங்கள். சிஸ்டம் ஸ்கோப்பையும் சிஸ்டம்பாத் வரியையும் நீக்கிவிடுங்கள். ஜார் கம்பைல் ஸ்கோப்பில் வருவதால் ஸ்பிரிங் பூட் அதையும் அதன் டிபென்டன்சிகளையும் தானே பேக்கேஜில் சேர்த்துக்கொள்ளும்.

பல மாட்யூல் ப்ராஜெக்ட்டில் இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. பேரன்ட் பாமில் எழுதிய பேஸ்டிர் ஒவ்வொரு சைல்ட் மாட்யூலிலும் அந்த மாட்யூலின் ஃபோல்டராக மாறிவிடும். மேவன் சைல்டுக்குள் லோக்கல்-ரெப்போவைத் தேடி ஏமாறும். மேவன் 3.3.1 முதல் உள்ள மேவன் டாட் மல்டிமாட்யூல்ப்ராஜெக்ட்டைரக்டரி என்ற மாறியைப் போடுங்கள். வேர் ஃபோல்டரில் டாட் எம்விஎன் என்ற ஃபோல்டர் இருக்க வேண்டும். அதைப் பார்த்துத்தான் மேவன் வேர் எது என்று தெரிந்துகொள்கிறது. வெற்று ஃபோல்டரை கிட் ஏற்காது, உள்ளே மேவன் டாட் கான்ஃபிக் என்று ஒரு காலி ஃபைலாவது வையுங்கள்.

இவ்வளவும் செய்து புஷ் செய்த பிறகும் ஜென்கின்ஸ் ‘ஜார் இல்லை’ என்று சொன்னால் முதலில் கிட்டைச் சந்தேகப்படுங்கள். ஜாவாவுக்கென்று கிட்ஹப் தரும் கிட்இக்னோர் மாதிரியில் எல்லா ஜார் ஃபைல்களையும் ஒதுக்கும் வரி இருக்கிறது. பாமும் ஷா1-உம் போயிருக்கும், ஜார் மட்டும் போயிருக்காது. கிட் செக்-இக்னோர் கட்டளைக்கு வி கொடுத்தால் எந்த ஃபைலின் எந்த வரி தடுக்கிறது என்று காட்டும். லோக்கல்-ரெப்போவுக்குள் இருக்கும் ஜார்களுக்கு ஆச்சரியக்குறியில் தொடங்கும் விதிவிலக்கு வரி ஒன்று சேர்த்தால் போதும். கூடவே டாட் கிட்ஆட்ரிப்யூட்ஸ் ஃபைலில் அந்த ஃபோல்டரை பைனரி என்று குறித்துவிடுங்கள். விண்டோஸில் கிட் வரி முடிவுகளை மாற்றினால் பாமின் ஷா1 பொருந்தாமல் செக்சம் எச்சரிக்கை வரும்.

கிட் சரியாக இருந்தால் அடுத்த சந்தேகம் மேவனின் செட்டிங்ஸ் ஃபைல். அலுவலகங்களில் பெரும்பாலும் எல்லா ரெப்போவையும் ஒரே மிரருக்குத் (அவற்றுக்குப் பதிலாக நிற்கும் ரெப்போ) திருப்ப, மிரர்ஆஃப் என்பதில் நட்சத்திரக்குறி போட்டிருப்பார்கள். அது உங்கள் ஃபைல் ரெப்போவையும் சேர்த்து இழுத்துப் போய்விடும். எக்ஸ்டர்னல் முக்காற்புள்ளி நட்சத்திரம் என்று மாற்றினால் ஃபைல் யுஆர்எல்களும் லோக்கல்ஹோஸ்ட்டும் விலக்கப்படும். மாற்ற அனுமதி இல்லையென்றால் ரெப்போ மேனேஜரில் ஏற்றச் சொல்லிக் கேட்பதே வழி.

‘முந்தைய முயற்சியில் கிடைக்கவில்லை, அந்தத் தோல்வி கேஷில் இருக்கிறது’ என்ற பொருளில் பிழை வந்தால், சரிசெய்த பிறகும் மேவன் பழைய தோல்வியையே நம்பிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். பெரிய எழுத்து யு சேர்த்து ஒருமுறை ஓட்டுங்கள்.

எல்லாவற்றையும்விட அதிக நேரத்தைத் தின்னும் தவறு வேறொன்று. வெண்டார் ஒரு பிழையைத் திருத்தி, வெர்ஷனை மாற்றாமல் புது ஜார் அனுப்புவார். நீங்கள் லோக்கல்-ரெப்போவில் பழையதன் மேல் புதியதை எழுதுவீர்கள். ஒன்றும் மாறாது. ஃபைல் ரெப்போவாக இருந்தாலும் மேவன் ஜாரை எம்2 ஃபோல்டருக்குக் காப்பி செய்துதான் பயன்படுத்துகிறது. ஸ்னாப்ஷாட் (இன்னும் மாறிக்கொண்டிருக்கும் வெர்ஷன்) அல்லாத வெர்ஷன் ஒருமுறை வந்துவிட்டால் மறுபடி கேட்காது, யு போட்டாலும் கேட்காது. புதிதாக க்ளோன் செய்தவருக்குப் புது ஜார், பழையவர்களுக்குப் பழைய ஜார், யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது. வெண்டார் வெர்ஷனை மாற்றாவிட்டால் நீங்கள் மாற்றுங்கள்: 2.4.1-பேட்ச்1 என்று புது முகவரி கொடுத்து ஏற்றுங்கள்.

ஜென்கின்ஸுக்கு அனுப்பும் முன் அது பார்ப்பதை நீங்களே பார்த்துவிடலாம். ப்ராஜெக்ட்டை வேறு ஃபோல்டரில் புதிதாக க்ளோன் செய்து, மேவன் டாட் ரெப்போ டாட் லோக்கல் என்ற மதிப்பில் ஒரு காலி ஃபோல்டரைக் கொடுத்து கிளீன் வெரிஃபை ஓட்டுங்கள். எல்லாவற்றையும் புதிதாக இறக்குவதால் நேரமாகும், ஆனால் உங்கள் எம்2 ஃபோல்டரின் தயவில் ஓடும் பொய் வெற்றிக்கு இடமிருக்காது. பில்ட் முடிந்ததும் டார்கெட்டில் உள்ள ஜாருக்கு டிஎஃப் கொடுத்து பூட்-இன்ஃப் லிப் ஃபோல்டரில் வெண்டார் ஜாரும் அதன் டிபென்டன்சிகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

டாக்கரில் பில்ட் செய்பவர்கள் கவனிக்க: கேஷ் பயனுக்காக முதலில் பாமை மட்டும் காப்பி செய்து டிபென்டன்சி கோ-ஆஃப்லைன் ஓட்டுவது வழக்கம். அந்த நொடியில் இமேஜுக்குள் லோக்கல்-ரெப்போ இல்லை, பில்ட் அங்கேயே விழும். பாமோடு லோக்கல்-ரெப்போவையும் காப்பி செய்யும் வரியைக் கோ-ஆஃப்லைனுக்கு முன்னால் வையுங்கள். டாக்கர்இக்னோர் ஃபைல் லோக்கல்-ரெப்போவை ஒதுக்குகிறதா என்றும் ஒரு பார்வை பாருங்கள்.

ஜார் பெரிதாக இருந்தாலோ மாதாமாதம் மாறினாலோ கிட்டில் வைப்பது நல்லதல்ல. அழித்தாலும் பழைய ஜார்கள் வரலாற்றில் தங்கி, ஒவ்வொரு க்ளோனும் கனக்கும். கிட்ஹப் 50 எம்பியைத் தாண்டினால் எச்சரிக்கும், 100 எம்பியைத் தாண்டினால் ஏற்கவே ஏற்காது. அந்தக் கட்டத்தில் நெக்சஸுக்குப் போய்விடுங்கள். அதே டிப்ளாய்-ஃபைல் கட்டளைதான், யுஆர்எல் மட்டும் மாறும். ரெப்போசிட்டரிஐடி உங்கள் செட்டிங்ஸ் ஃபைலில் உள்ள சர்வர் ஐடியோடு எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் மேவன் பாஸ்வேர்டை அனுப்பாது, 401 வரும். யுஆர்எல் எச்டிடிபிஎஸ் ஆக இருக்கட்டும், மேவன் 3.8.1 முதல் வெறும் எச்டிடிபி ரெப்போக்கள் இயல்பாகவே தடுக்கப்படுகின்றன.

ஜாரை எந்த ரெப்போவில் வைப்பதானாலும் வெண்டாரின் உரிமத்தைப் படித்துவிட்டு வையுங்கள். உங்கள் கிட் ரெப்போ பொதுவெளியில் இருந்தால், அதில் ஜாரைப் போடுவது மறுவிநியோகம் செய்வதாகும்.