தாய்ப்பால் ஆய்வுகள்: கேட்ட கேள்விகளும் பதில்களும்

சேலம், ஒன்றரை மாதக் குழந்தையின் தாய்: அக்கா, தாய்ப்பால் குடித்த பிள்ளைக்கு மூளை நன்றாக வளரும் என்கிறார்களே, நிரூபித்திருக்கிறார்களா?

பதில்: கொடுத்தவர்களையும் கொடுக்காதவர்களையும் சும்மா ஒப்பிட்டால் அம்மாவின் படிப்பு, வீட்டு வருமானம் எல்லாம் குறுக்கே வந்து நிற்கும். 'நீ கொடுக்காதே' என்று யாரையும் தடுத்து ஆராயவும் முடியாது. 1996-97இல் பெலாரஸ் நாட்டில் மைக்கேல் கிரேமர் என்ற ஆய்வாளரின் குழுவினர் வேறு வழி பிடித்தார்கள். 31 மகப்பேறு மருத்துவமனைகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கத்து ஊழியர்களுக்கு மட்டும் தாய்ப்பாலை ஊக்குவிக்கப் பயிற்சி கொடுத்தார்கள். மொத்தம் 17,046 தாய்-சேய். மூன்றாம் மாதத்தில் தாய்ப்பால் மட்டுமே குடித்த குழந்தைகள் பயிற்சி பெற்ற பக்கத்தில் 43.3%, மறுபக்கம் 6.4% தான்.

இனி விஷயத்துக்கு வருவோம். முதல் வருடத்தில் குடல் தொற்று வந்த குழந்தைகள் மறுபக்கம் 13.2%, பயிற்சி பெற்ற பக்கத்தில் 9.1% தான். இதை நான் கண்ணை மூடிக்கொண்டு நம்புவேன். ஆறரை வயதில் மொழித்திறன் சோதனையில் 7.5 புள்ளி கூடுதல். ஆனால் சோதித்த மருத்துவர்களுக்கு எந்தப் பிள்ளை எந்தப் பக்கம் என்று தெரியும், அதனால் மதிப்பெண் ஒரு பக்கம் சாய்ந்திருக்கலாம். பதினாறு வயதில் பார்த்தபோது சிறிய வித்தியாசமே மிஞ்சியது. உடல் பருமன் குறையும் என்ற எதிர்பார்ப்பும் பலிக்கவில்லை. அதனால் மூளைக்காக என்று மனதைப் போட்டு உழப்பிக்கொள்ளாதீர்கள். வயிற்றுப்போக்கு குறைவதே போதுமான காரணம்.

மதுரை வாசகி: பிறந்ததும் மாமியார் சேனை (தேன், சர்க்கரைத் தண்ணீர்) வைக்கச் சொல்கிறார். வெயில் காலம், தண்ணீராவது கொடுக்கலாமா?

பதில்: இரண்டும் வேண்டாம். தாய்ப்பாலில் ஏறக்குறைய 88% தண்ணீர்தான். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பாலைக் கொடுத்துவிடுங்கள். மாமியாரிடம் 'டாக்டர் ஆறு மாதம் எதுவும் கூடாது என்றார்' என்று பழியை எங்கள் மேல் போட்டுவிடலாம், பரவாயில்லை.

நாகை வாசகி: பால் பத்தவில்லையோ என்று பயம். தினமும் சுறாப்புட்டுதான்.

பதில்: பிடித்தால் சாப்பிடுங்கள், நல்ல புரதம். ஆனால் பால் ஊறுவது பிள்ளை அடிக்கடி சப்புவதால்தான், அதிலும் ராத்திரிப் பால் முக்கியம். ஐந்தாம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட்டதா என்று பாருங்கள். மார்பு தளர்ந்திருக்கிறது, பிள்ளை அழுகிறது என்பதை மட்டும் வைத்துப் பவுடர் டப்பாவைத் திறக்காதீர்கள். எடை ஏறவில்லை என்றால் மட்டும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

கோவை, ஒரு கணவர்: மனைவிக்கு இதில் என்ன லாபம், மேடம்?

பதில்: நல்ல கேள்வி தம்பி, யாரும் கேட்பதில்லை. 30 நாடுகளின் 47 ஆய்வுகளை ஒன்றுசேர்த்து 2002இல் வெளியிட்டார்கள். பாலூட்டும் ஒவ்வொரு 12 மாதத்துக்கும் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு 4.3% குறைகிறது. பிள்ளைகள் எல்லோருக்கும் கொடுத்த மாதங்களைக் கூட்டிக்கொள்ளலாம்.

ஈரோடு வாசகி: பால் கொடுக்கும்போது கரு தங்காதாமே?

பதில்: மூன்றும் சேர்ந்திருந்தால் 98% வரை சரி: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, தாய்ப்பால் தவிர வேறெதுவும் இல்லை, மாதவிலக்கு திரும்பவில்லை. ஒன்று தப்பினாலும் வேறு பாதுகாப்பு வேண்டும். காப்பர்-டி போட்டுக்கொண்டால் பாலுக்கு ஒன்றும் ஆகாது.