புளூட்டோ ஏன் கோள் இல்லை? கேள்வி பதில்

கேள்வி: நாங்கள் படித்தபோது ஒன்பது கோள்கள். என் மகள் எட்டு என்கிறாள். புளூட்டோ என்ன தப்பு செய்தது?

பதில்: ஒரு தப்பும் செய்யவில்லை. அதைப் போலவே அக்கம்பக்கத்தில் நிறைய பேர் இருப்பது தெரிந்துபோனது, அவ்வளவுதான். 2005-இல், சூரியனைப் புளூட்டோவைப் போலவே சுற்றும் ஏரிஸ் என்ற பொருள் பற்றிய அறிவிப்பு வந்தது. நிறையில் புளூட்டோவைவிட நாலில் ஒரு பங்குக்கு மேல் அதிகம். அதையும் சேர்ப்பதா, புளூட்டோவை எடுப்பதா? 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராக் நகரில் சர்வதேச வானியல் ஒன்றியம் ஓட்டுக்கு விட்டது. கோள் என்றால் சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பாலேயே உருண்டையாகியிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுவட்டாரத்தைத் துப்புரவாக்கியிருக்க வேண்டும். புளூட்டோ முதல் இரண்டில் தேறி, மூன்றாவதில் தேறாமல் ‘குறுங்கோள்’ என்ற தனி வகைக்குப் போனது.

கேள்வி: வியாழனின் பாதையில்கூட ட்ரோஜன் சிறுகோள்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றனவே! அது மட்டும் எப்படித் துப்புரவு?

பதில்: சரியான இடத்தில் பிடித்துவிட்டீர்கள். ஒரு கல்கூட இருக்கக் கூடாது என்பதல்ல. அந்த வட்டாரத்தில் யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான் விஷயம். ட்ரோஜன்கள் வியாழனுக்கு 60 பாகை முன்னும் பின்னும், அதன் ஈர்ப்புக்கு அடங்கித்தான் போகின்றன. புளூட்டோவின் கதை தலைகீழ்: நெப்டியூன் மூன்று சுற்று சுற்றினால் இது சரியாக இரண்டு சுற்றும் தாளத்தில் மாட்டியிருக்கிறது. வானியலாளர் ஸ்டீவன் சோட்டர் கணக்கே போட்டுப் பார்த்தார். பூமி, தன் பாதை வட்டாரத்தில் உள்ள மற்ற எல்லாம் சேர்ந்ததைப் போல சுமார் 17 லட்சம் மடங்கு நிறை கொண்டது. கடைசியில் வரும் செவ்வாயே சுமார் 5,100 மடங்கு. புளூட்டோ பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஒரு மடங்குக்கும் 5,100 மடங்குக்கும் இடையில் எதுவுமே கிடையாது. இப்படி ஓர் எண்ணைத் தீர்மானத்திலேயே எழுதியிருந்தால் பாதிச் சண்டை வந்திருக்காது என்பது என் எண்ணம்.

கேள்வி: வியாழனின் நிலவான கானிமீட் புதனைவிடப் பெரியதாமே?

பதில்: ஆமாம், 5,268 கி.மீ. குறுக்களவு, புதன் 4,879 தான். ஆனால் கானிமீட் சுற்றுவது வியாழனை. அளவு இங்கே செல்லாது.

கேள்வி: இதற்கு முன் இப்படிப் பதவி போனது உண்டா?

பதில்: உண்டு. 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் வானியலாளர் பியாட்சி கண்ட சீரிஸ் பல்லாண்டுகள் கோள் பட்டியலில் இருந்தது. அதே வட்டாரத்தில் மற்றவை வரிசையாக அகப்படவும் சிறுகோள் ஆக்கிவிட்டார்கள். 2006-இல் அதற்குக் குறுங்கோள் பதவி உயர்வு!

கேள்வி: சிறுகோளையும் வால்நட்சத்திரத்தையும் எப்படிப் பிரிப்பது?

பதில்: சூரிய வெப்பத்தில் பனி ஆவியாகி, சுற்றிலும் வாயுவும் தூசியும் படர்ந்தால் வால்நட்சத்திரம். ஆனால் கோடு அவ்வளவு கறாரானதல்ல. 1977-இல் கண்டுபிடித்த கைரான் சிறுகோள் பட்டியலில் 2060. பிறகு அதைச் சுற்றிப் படலம் தெரியவும் வால்நட்சத்திரப் பட்டியலிலும் 95-ஆம் எண் கிடைத்தது. ஒரே ஆளுக்கு இரண்டு ரேஷன் கார்டு. இன்றுவரை யாரும் ரத்து செய்யவில்லை.