அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கிடம்தான் சிறந்த தளபதிகள் இருந்தார்கள் என்றால், வடக்கு எப்படி வென்றது?

கிழக்கு முனையை மட்டும் பார்த்தால் தெற்கின் தளபதி லீயின் கைதான் ஓங்கியிருந்தது, சரி. 1863 மே மாதம் வர்ஜீனியாவின் சான்சலர்ஸ்வில்லில், ஏறக்குறைய இரண்டு மடங்கு பெரிய படை எதிரே நிற்கும்போதே தன் படையைப் பிரித்து, தன் கீழிருந்த தளபதி ஜாக்சனைக் காட்டு வழியாகச் சுற்றி அனுப்பிப் பக்கவாட்டில் அடித்தார். ஆனால் அங்கேயே சொந்தப் படையினர் தவறுதலாகச் சுட்டதில் ஜாக்சன் காயப்பட்டு, சில நாளில் இறந்துபோனார். அவருக்கு ஈடான ஆள் லீக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை.

மேற்கே நிலைமை வேறு. அதே ஆண்டு ஜூலை 4 அன்று வடக்கின் தளபதி கிராண்ட், மிசிசிப்பி ஆற்றங்கரையில் இருந்த தெற்கின் கோட்டை நகரான விக்ஸ்பர்க்கைப் பிடித்தார், சில நாளிலேயே அந்த ஆறு முழுக்க வடக்கின் கைக்கு வந்து தெற்கு இரண்டாகத் துண்டானது. என்னைக் கேட்டால் இதுதான் பெரிய வெற்றி. அப்புறம் 1864இல் கிராண்ட் கிழக்கே வந்து, வர்ஜீனியாவின் வில்டர்னஸ் காட்டில் லீயிடம் பலத்த அடி வாங்கியும், வடக்கின் முந்தைய தளபதிகள் போலப் பின்வாங்காமல் தெற்கு நோக்கியே நகர்ந்தார். இழந்த ஆட்களுக்குப் பதில் ஆள் அனுப்ப வடக்கால் முடிந்தது, தெற்கால் முடியவில்லை.