பெருமழையே இல்ல, ஆனாலும் கொழுந்துல கொப்புளம்

கேள்வி: கோதும மாவுலதான் எங்க வீட்டுல தினமும் ரொட்டி. அந்த கோதுமைக்கு காலநிலையால துரு நோய் வரும்னு மகன் ஸ்கூல்ல படிச்சிட்டு வந்தான். நம்ம தேயில கொழுந்துல கொப்புளம் போடுறதும் அப்படித்தானா? போன மாசம் பெருமழையே இல்ல, மூட்டம்தான், ஆனா மல முழுக்க கொப்புளம்.
– வாசகி, பொகவந்தலாவ

பதில்: ஆமாங்கக்கா, அப்படித்தான். எவ்வளவு மழ பெய்ஞ்சுதுங்கறத விட இல எத்தன மணித்தியாலம் ஈரமா கெடந்துச்சுங்கறதுதான் முக்கியம். கோதும நம்ம நாட்டுல விளையுறதில்ல, கப்பல்லதான் வருது, ஆனா அங்கயும் துரு நோயோட வித்து, அதாவது நோய பரப்புற தூள், காத்துல பறந்து வந்து இலையில விழுந்தா மட்டும் முளைக்காது, தண்ணி வேணும், ராத்திரி பனி இறங்கி விடியிற வரைக்கும் ஆறு எட்டு மணித்தியாலம் நனைஞ்சு கெடந்தா அது இலைக்குள்ள போயிரும். குளிரும் பாக்கணும், மஞ்சள் துருவுக்கு 10லருந்து 15 பாகை போதும், தண்டுத் துருவுக்கு அதவிட சூடு வேணும். 2016ல பங்களாதேஷ்ல கோதுமைய அழிச்ச பிளாஸ்ட் நோய்க்கும் கதிர் வர்ற நேரத்து சூடும் ஈரமும்தான் தோதா இருந்துச்சு. சாம்பல் நோய் மட்டும் வேற ரகம், அதுக்கு இலைமேல தண்ணியே வேணாம், காத்துல ஈரம் இருந்தா போதும்.

இனி நம்ம மலைக்கு வருவோம். கொப்புள நோய் இலங்கைக்கு வந்தது 1946ல. அத உண்டாக்குற பங்கசு (பூஞ்சை) பிஞ்சு இலையத்தான் தாக்கும், முத்தின இலைக்கு ஒண்ணும் செய்யாது, அதனாலதான் நேரா நீங்க பறிக்கிற கொழுந்துலயே கைய வைக்குது. நல்ல வெயில் பட்டா வித்து செத்துரும். மூட்டம் அந்த வெயிலயும் மறைக்குது, இலையவும் காயவிடாது, தூறல் கூட தேவையில்ல. ஒரு பாட்டம் மழ கொட்டிட்டு உடனே வெயில் அடிச்சா அவ்வளவு பயமில்ல, அஞ்சு நாள் சேந்தாப்ல சூரியனே தெரியாம இருந்தாத்தான் உசாராகணும், செம்பு மருந்து அடிக்கிறதுன்னா கொப்புளம் வெடிச்சு வெள்ளையா பூக்குறதுக்கு முன்னாடியே அடிக்கணும். கவ்வாத்து வெட்டின மலைய இன்னும் கவனமா பாருங்க, அங்க துளிர்க்கிறது எல்லாமே பிஞ்சுதான். நிழல் மரத்து கிளையும் அடர்த்தியா இருந்தா மூட்டக் காலத்துக்கு முன்னாடியே கழிச்சு விடச் சொல்லுங்க, காத்தும் வெளிச்சமும் உள்ள போகட்டும்.

மகன்கிட்ட ஒரு கொப்பி குடுத்து, தினமும் வெயில் எத்தன மணித்தியாலம் அடிச்சுது, காலையில எத்தன மணிக்கு இல காய்ஞ்சுதுன்னு எழுதச் சொல்லுங்க. அடுத்த மூட்டத்துக்கு அந்த கணக்கு உங்க மலைக்கே ஒதவும்.